கரடி உடைக்காத டப்பாவும் ரேஷன் கடைக் கதவும்

பாண்டிச்சேரியில கரடி எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க மக்களே. ரெண்டு நாள் சேர்ந்தாப்ல லீவு விட்டா குன்னூர், கோத்தகிரின்னு வண்டி கட்டுற கூட்டத்துல நம்ம ஊர் ஆளுங்களும் உண்டு. அதனால மேட்டர் நமக்கும் சம்பந்தப்பட்டதுதான்.

அமெரிக்காவுல காட்டுக்குள்ள ராத்திரி தங்குற மலையேறிகள் சோத்து மூட்டைக்குன்னு கரடி உடைக்க முடியாத டப்பா ஒண்ணு தூக்கிட்டுப் போறாங்க. யோசெமிட்டி மாதிரி சில பூங்காக்கள்ல இது கட்டாயம். ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த நாள்ல இதைப் பத்தித் தேடிப் படிச்சேன். சரக்கும் விலையும் இதுதான்:

1. பேர்வால்ட் - பாலிகார்பனேட். நம்ம தண்ணி கேன்கள் பலதும் இதே பிளாஸ்டிக்தான், இது தடிமன் ஜாஸ்தி. பெரிய சைஸ் ஒரு கிலோ சொச்சம். எண்பது, தொண்ணூறு டாலர். நம்ம காசுக்கு ஏழெட்டாயிரம்.
2. கார்சியா - ஏ.பி.எஸ். ஹெல்மெட் ஓடு செய்யுற பிளாஸ்டிக். சில்லறைக் காசை வச்சுத் திருகினாத்தான் மூடி திறக்கும். விலையும் கிட்டத்தட்ட அதேதான்.
3. பேரிகேட் - கார்பன் ஃபைபர் உடம்பு, அலுமினிய மூடி. எடை கம்மி, விலை 300 டாலருக்கு மேல.
4. உர்சாக் - துணிப்பை. குண்டு துளைக்காத சட்டைக்குப் போடுற ரக நூல். கிழியாது, ஆனா உள்ள இருக்குற பிஸ்கட் மாவாயிடும் :-)

மொன்டானாவுல ஒரு காப்பகத்துல நிஜ கிரிஸ்லி கரடிகள் கிட்ட இதையெல்லாம் குடுத்து டெஸ்ட் பண்றாங்க. ஒரு மணி நேரம் கடிச்சு, உருட்டி, மேல ஏறிக் குதிச்சும் தாங்கினா பாஸ். நம்ம டெஸ்டிங் டீமே பரவாயில்லை!

சூட்சுமம் பிளாஸ்டிக்குல மட்டும் இல்லை, வடிவத்துலயும் இருக்கு. வாய்க்குள்ள அடங்காத அகலம், வழுக்குற உருளை, நகம் மாட்ட ஒரு கைப்பிடிகூட கிடையாது. அப்படியும் நியூயார்க் மாநில அடிரண்டாக் மலையில ‘யெல்லோ யெல்லோ’ன்னு ஒரு பொண்ணு கரடி பேர்வால்ட் மூடியைத் திறக்கக் கத்துக்கிச்சு. கம்பெனிக்காரன் பூட்டை ரெட்டிப்பாக்கினான். அதையும் திறந்துச்சு. 2012-ல ஒரு வேட்டைக்காரர் சுட்டதுல செத்துப்போச்சு.

இந்த டப்பா காப்பாத்துறது நம்ம சோத்தை மட்டும் இல்லை, கரடியையும்தான். மனுஷ சாப்பாட்டு ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும். கடைசியில கூண்டு, இல்லைன்னா குண்டு.

இப்ப நீலகிரிக்கு வருவோம். அங்க நம்ம டூரிஸ்ட் யாரும் காட்டுக்குள்ள கூடாரம் போட்டுச் சமைக்கிறது இல்லை. 2018 குரங்கணி தீ விபத்துக்கு அப்புறம் மலையேற்றத்துக்கு கட்டுப்பாடு ஜாஸ்தி. அதனால எட்டாயிரம் ரூபாய் டப்பாவால நமக்குப் பெருசா பிரயோஜனம் இல்லை. இங்க கரடி தேடி வர்றது மலையேறி முதுகுப் பையை இல்லை. ரேஷன் கடையில சர்க்கரை, பாமாயில். கோயில்ல விளக்கு எண்ணெய். பேக்கரி, சத்துணவுக் கூடம், ஹோட்டல் பின்னாடி குப்பை. கரையான் புத்தையே தோண்டுற நகத்துக்கு பழைய பலகைக் கதவெல்லாம் எம்மாத்திரம்?

விடிகாலையில தேயிலை பறிக்கப் போற அம்மாவுக்கும், ஸ்கூலுக்கு நடந்து போற பிள்ளைக்கும் அது உசிரு பிரச்சினை. "கரடியைப் புடிச்சு வேற காட்டுல விடுங்க"ன்னு அவங்க கேக்குறதுல தப்பே இல்லை. ஆனா எண்ணெயும் சர்க்கரையும் அதே கதவுக்குப் பின்னாடி இருக்குற வரைக்கும், இந்தக் கரடி போனா அடுத்த கரடி வரும். பக் அப்படியே இருக்கு, யூசரை மட்டும் மாத்துறோம்.

யோசெமிட்டியில 1998-ல கரடித் தொல்லை சுமார் 1,600 தடவை பதிவாச்சு. அப்புறம் கூடாரம் போடுற இடமெல்லாம் இரும்புப் பெட்டி, கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டி, ஆளுங்களுக்குக் கண்டிப்பான விதின்னு காசு செலவு பண்ணாங்க. தொல்லை 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது. கரடி திருந்தலை, சாப்பாடு கைக்கு எட்டலை, அவ்வளவுதான்.

நமக்கு கார்பன் ஃபைபர் வேணாம். உள்ளூர் வெல்டிங் பட்டறையில செய்யுற இரும்புக் கதவு, தாழ்ப்பாள் உள்வாங்கின தகரப் பெட்டி, கையை மடக்கி உள்ள விட்டாத்தான் கொக்கி கழலுற குப்பைத் தொட்டி போதும். கோயில்ல விளக்கு அணைஞ்சதும் மீதி எண்ணெய் பெட்டிக்குள்ள போகணும்.

காசு யார் குடுக்குறது? என்னைக் கேட்டா, நாமதான். 2024 மே மாசம் நீலகிரிக்கு ஈ-பாஸ் வந்தப்போ அதுக்குக் காசு வாங்கலை. வண்டிக்கு ஒரு ஐம்பது ரூபாய் வாங்கி, கதவுக்கும் தொட்டிக்கும் மட்டும்னு தனிக் கணக்குல போட்டு, எந்த ஊர்ல எத்தனை கதவு மாத்தினோம்னு போர்டு வைக்கட்டும். கரடி பயத்தோட வாழுற தோட்டத் தொழிலாளி கிட்டயே "உன் வீட்டுக் கதவை நீயே பலப்படுத்திக்கோ"ன்னு சொல்றது அநியாயம். பஜ்ஜியும் பிரியாணியும் தின்னுட்டு மிச்சத்தை அங்க கொட்டிட்டு வர்றது நாம.

ஐம்பது ரூபாய் ரெண்டு டீக்காசு. "எல்லாத்துக்கும் ஒரு வரியா?"ன்னு அடிக்க வர்றவங்க, வேற வழி இருந்தா சொல்லிட்டு அடிங்க. நீலகிரிப் பக்கத்துப் பதிவர்கள் இருந்தா, உங்க ஊர்ல எந்தக் கதவு முதல்ல மாறணும்னு சொல்லுங்க.