குளத்துக்கும் ஒரு காப்பாளர் வேண்டும்

காட்டைக் காக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள வெளியூர் இளைஞர்கள் கோவைக்கு வரத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிறது. 1912-ல் இங்கே வனக் கல்லூரி வந்தது. வன மரபியல் நிறுவனமும் ஆனைகட்டியில் பறவையியல் மையமும் மேட்டுப்பாளையத்தில் வனவியல் கல்லூரியும் பின்னர் சேர்ந்தன. இத்தனை இருந்தும், ஊருக்கு நடுவே 300 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் உக்கடம் பெரியகுளத்தையும் அதன் உடன்பிறப்புக் குளங்களையும் பராமரிக்கவென்றே பயிற்சி பெற்ற பணிப்பிரிவு எதுவும் நம்மிடம் இல்லை.

காட்டில் ஒரு மரம் வெட்டப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது தெரியும். வனக்காப்பாளர், வனவர், வனச்சரகர் என்று பொறுப்பு படிப்படியாக மேலேறும். குளத்தில் சாக்கடை கலந்தால் யாரைக் கேட்பது? பொதுப்பணித் துறையிடமிருந்த எட்டுக் குளங்கள் 2010-ல் 90 ஆண்டுக் குத்தகைக்கு மாநகராட்சியின் கைக்கு வந்தன. குத்தகைக் காலம் நீளமானதுதான், ஆனால் பொறியாளர்களோ சில ஆண்டுகளில் மாறுதலாகிப் போகிறார்கள். எந்த மதகு பழுது, எந்த வாய்க்கால் எங்கே தூர்ந்தது என்ற அறிவும் அவர்களோடு போய்விடுகிறது.

நொய்யல் ஆற்றின் குளங்கள் தனித்தனியானவை அல்ல. பெரியகுளம் நிரம்பினால் உபரி நீர் வாலாங்குளத்துக்குப் போக வேண்டும். இடையில் ஒரு வாய்க்கால் அடைபட்டாலும் மேலே வெள்ளம், கீழே வறட்சி. குறைந்த நேரத்தில் பெருமழை கொட்டும் இந்தக் காலத்தில், தண்ணீர் தேங்கி நிலத்தில் இறங்கும் இடங்களே நகரத்தின் பாதுகாப்பு. 2013 கோடையில் பொதுமக்கள் மண்வெட்டியோடு பெரியகுளத்தில் இறங்கித் தூர் வாரினார்கள். பெருமைக்குரிய காரியம் அது. ஆனால் ஆகாயத்தாமரை ஆண்டுதோறும் வளர்கிறது. தன்னார்வத்தை ஆண்டு முழுக்கக் கேட்க முடியாது. சீர்மிகு நகரத் திட்டத்தில் நடைபாதையும் விளக்குகளும் வந்தன. அவற்றைக் கட்டி முடித்ததும் ஒப்பந்தம் முடிந்துவிடும், குளத்துக்கான வேலை முடிவதில்லை.

இந்த வேலைக்குத் தாவரங்களும் பறவைகளும் மட்டும் தெரிந்தால் போதாது. நில ஆவணம் படிக்கத் தெரிய வேண்டும், நீரின் தரம் பார்க்கத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக மனிதர்களிடம் பேசத் தெரிய வேண்டும். குளக்கரைகளில் குடியிருந்தவர்கள் கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் அனுப்பப்பட்டபோது, வேலைக்கும் பள்ளிக்கும் இருந்த தூரம் அவர்களுக்குப் பல மடங்கானது. பொதுநிலத்தை நிர்வகிப்பவர் அந்தச் சுமையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்.

மாவட்டக் காலநிலை இயக்கத்துக்கு ஆட்சியர் தலைவர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர் என்று அரசு ஏற்கெனவே வகுத்திருக்கிறது. அவர்களுக்குக் கீழே கரையில் நிற்கும் ஆள்தான் இல்லை. 2024 முதல் குரூப் 4 தேர்விலேயே வனக்காப்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே வழியில் குளக்காப்பாளர் பணியிடமும் உருவாக்கலாம். பயிற்சி தர ஆசிரியர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். குளக்காப்பாளர் பத்தாண்டாவது ஒரே குளத்தொடரில் இருந்து, அங்கேயே பதவி உயர்வும் பெறும்படி விதி அமைய வேண்டும். மாநகராட்சி வசமுள்ள எட்டுக் குளங்களுக்கு எட்டுப் பேர் என்று தொடங்க, புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.