படத்தை எடுக்க மாட்டேன்



போன ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் போட்டிருந்தேன். மடியில் அப்பாவின் பழைய தோல்பை, பக்கத்தில் சாயக் கிண்ணம், என் பத்து விரலும் கறுப்பு. நிறையப் பேர் விரும்பினீர்கள், நன்றி. அதற்குக் கீழே என் அண்ணன் மகன் ஒருவன் எழுதினான்: "அத்தை, இதெல்லாம் நாம செய்யற வேலையா? படத்தை எடுத்துடுங்க, என் ஆபீஸ்ல இருக்கறவங்க பாக்கறாங்க." அரை மணி நேரத்தில் அவனே அதை அழித்துவிட்டான். அதற்குள் மூன்று பேர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். மூன்று பேரும் நம் வீட்டில் பிறந்தவர்கள்.

பெயர் சொல்லப் போவதில்லை. பதில் மட்டும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழக்கம்தான்.

"நாம செய்யற வேலையா" என்கிற சொல்லில் அந்த "நாம" யார்? தோல் தொட்டால் தீட்டு என்று சொன்ன காலம் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். போகவில்லை, ஆபீஸுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. மருமகனே, நீ காலில் போடும் ஷூ தோல், இடுப்பில் கட்டும் பெல்ட் தோல், பர்ஸ் தோல். கடையில் காசு கொடுத்து வாங்கினால் கௌரவம், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாயம் பூசினால் கேவலமா? எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது இது?

காந்தி தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் காலன்பாக் என்ற கட்டடக் கலைஞர். அந்தப் பண்ணையில் நம் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. தன்னைச் சிறையில் அடைத்த ஸ்மட்ஸுக்கே 1914-ல் தன் கையால் செய்த செருப்பைக் கொடுத்துவிட்டுத்தான் இந்தியாவுக்குக் கிளம்பினார். 1934-ல் தீண்டாமைக்கு எதிரான சுற்றுப்பயணத்தின் நடுவே நம் குன்னூருக்கு வந்து சில நாட்கள் தங்கியதும் அதே மனிதர்தான். அடையாற்றில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தை உலகம் அறியச் செய்த நாயுடம்மா, விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. தோல் விஞ்ஞானம் படித்தார். 1985-ல் கனிஷ்கா விமானத்தில் அவர் இறந்தபோது நான் வேலைக்குப் புதிது. பேப்பரில் வந்ததை வகுப்பில் வாசித்துக் காட்டினேன்.

பெரிய மனிதர்களைப் பற்றிப் பேசுவது சுலபம். என் கதைக்கு வருகிறேன்.

சுமார் முப்பது வருஷம் முன்பு ஒரு பையனைச் சேர்க்க அவன் அப்பா பள்ளிக்கு வந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புத் தைப்பவர். சேர்க்கைப் பதிவேட்டில் "தந்தையின் தொழில்" என்று ஒரு கட்டம் இருக்கும். அவர் தயங்காமல் சொன்னார். நான்தான் தயங்கினேன். "கூலின்னு போட்டுடறேன், பையனுக்கு நல்லது" என்று சொல்லி எழுதிவிட்டேன். இரக்கம் காட்டுவதாக நினைப்பு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பையன் என்னைப் பார்த்தான். கைத்தொழில் தெரிந்த ஒரு மனிதரை ஒரு வரியில் தொழில் தெரியாதவராக ஆக்கினேன். அந்தப் பையன் இன்று நல்ல வேலையில் இருக்கிறான், இந்தப் பக்கத்தைப் படிக்கிறவன்தான். தம்பி, அன்று நான் எழுதியது தப்பு. நேரில் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

அந்தப் பெரியவரிடம்தான் போன வருஷம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

அப்பாவின் பை 1964-ல் வாங்கியது. எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். சம்பள நாளில் கணக்குப் புத்தகம் அதில்தான் போகும். அவர் போன பிறகு பரண்மேல் கிடந்தது. நம் ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் துணியே காயாது, தோல் எங்கே காயும்? பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை. பல வருஷம் முன்பு யாரோ சொன்னார்கள் என்று அதில் தேங்காய் எண்ணெய் தேய்த்துவைத்தேன். இன்றைக்கும் யூடியூபில் அதையேதான் சொல்கிறார்கள். சென்னையில் இருப்பவன் சொல்வதை ஊட்டிக்காரன் கேட்கலாமா? 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைகிற எண்ணெய் அது. நம் வீட்டில் பாட்டிலிலேயே கல்லாக நிற்பதைத் தோலுக்குள் அனுப்பினால் என்ன ஆகும்? திட்டுத்திட்டாகக் கறுத்து, பிசுபிசுத்து, நாற்றமடித்து, பூஞ்சைக்கும் விருந்து.

பெரியவர் பையைப் புரட்டிப் பார்த்தார். "ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க டீச்சர். குடிச்சா சாயம் புடிக்கும். குடிக்கலைன்னா மேல பூச்சு இருக்கு, இல்ல எண்ணெய் இருக்கு. அதை எடுக்காம எதைப் பூசினாலும் உரியும்." பாதி வேலை இந்தச் சோதனைதான். கடையில் விற்கிற ஷூ, கைப்பை பெரும்பாலும் மேலே நிறப்பூச்சு போட்டவை, தண்ணீர் முத்தாக நிற்கும். அவற்றுக்குச் சாயம் போட்டுப் பயனில்லை. தோலுக்கென்று விற்கும் அக்ரிலிக் பூச்சைத்தான் ஸ்பான்ஜால் மெல்லிசாக மூன்று, நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் காயவிட்டுப் பூச வேண்டும். சுவருக்கு அடிக்கிற பெயின்ட்டைப் பூசிவிட்டு வெடித்துவிட்டது என்று என்னிடம் வராதீர்கள். வளைகிற பொருளுக்கு வளைகிற பூச்சு வேண்டும்.

என் பை தண்ணீரைச் சில இடத்தில் குடித்தது, எண்ணெய்த் திட்டில் குடிக்கவில்லை. முதலில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே பூஞ்சையைப் பிரஷால் தட்டினேன். உள்ளே தட்டினால் அந்தத் தூள் அடுத்த அலமாரிக்குப் போகும். பிறகு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, நிழலில் உலர்த்தினேன். அடுப்பு, ஹீட்டர் பக்கம் வைத்தால் தோல் அப்பளம்போல் விறைத்துவிடும். எண்ணெய்த் திட்டை எடுத்தது எது தெரியுமா? சாக்பீஸ். இடித்துப் பொடியாக்கி, கனமாகத் தூவி, இரவு முழுக்க வைத்து, காலையில் தட்டினேன். ஐந்து இரவு. பாக்கி மினுமினுப்பைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, 600 நம்பர் வாட்டர் பேப்பரால் பூப்போலத் தேய்த்தேன். ஸ்பிரிட் திறக்கும்போது அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சாயம்? இங்கேதான் என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாபகம் வர வேண்டும். கடுக்காய்த் தண்ணீரில் அன்னபேதி போட்டு மை செய்தோமே! அதே வேதியியல். மரப்பட்டையால் பதனிட்ட தோலில் டானின் இருக்கும், அதில் இரும்பு பட்டால் கறுக்கும். வினிகரில் துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாரம் ஊறவைத்தேன் (மூடியை இறுக்காதீர்கள், வாயு வரும்). முதலில் மடிப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொட்டுப் பார்த்தேன். சாம்பல் நிறமாகி, கண்முன்னே கறுப்பானது. சந்தேகமான இடங்களில் முன்னதாகக் கெட்டியான கட்டஞ்சாயாவைத் தடவினேன், தேயிலையிலும் அதே வகைச் சத்து இருக்கிறதே. கறுத்த பிறகு சமையல் சோடாத் தண்ணீரால் ஒருமுறை துடைத்துப் புளிப்பை முறித்தேன். காய்ந்ததும் ஒரு பங்கு தேன்மெழுகு, மூன்று பங்கு விளக்கெண்ணெய், வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கி, ஆறவிட்டு, மிகக் கொஞ்சமாகத் தேய்த்துப் பருத்தித் துணியால் மெருகேற்றினேன். அப்பா இருந்திருந்தால் பழுப்பு நிறத்திலேயே விட்டிருப்பார். கறையை மறைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. கையுறை போடாததுதான் என் விரலின் நிலைமை. நீங்கள் போடுங்கள்.

மொத்தச் செலவு ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக்குள் அடங்கிவிட்டது. பிய்ந்திருந்த கைப்பிடியை மட்டும் நான் தொடவில்லை. அது பெரியவரின் ஊசிக்கு உரிய வேலை.

இன்னொரு அன்பர் கேட்டிருந்தார்: "டீச்சர், மாட்டுத் தோலை இன்னும் கொண்டாடணுமா? இப்பதான் வீகன் லெதர் வந்துடுச்சே." நியாயமான கேள்வி. தோல் தொழில் சுத்தமானது என்று நான் சொல்லவே மாட்டேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பாலாறு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. நம் மலையும் விலை கொடுத்திருக்கிறது. சீகை மரம் இங்கே சொந்த மரமா? ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பட்டையில் டானின் அதிகம், தோல் பதனிட உதவும் என்று நம் புல்வெளிகளில் ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். இப்போது அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு மேல் உத்தரவு போடுகிறது. புல்வெளியையும் ஆற்றையும் கொடுத்துச் செய்த பொருளைப் பூஞ்சை பூத்தது என்று குப்பையில் போடலாமா? வீசினால் மாடு திரும்பி வருமா?

வீகன் என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலானது துணிமேல் பூசிய பிளாஸ்டிக். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், நாருக்குப் பதில் நெய்த துணி தெரியும். பேத்தியின் கைப்பை இரண்டாவது மழைக்கே சொறி பிடித்ததுபோல் உரிந்தது. பாலியூரித்தேனை ஈரம் மெல்ல மெல்ல அறுக்கும், நீராற்பகுப்பு என்று பெரிய வகுப்பில் படித்திருப்பீர்கள். குன்னூர் அலமாரி அதற்கு எமன். உரிந்ததை ஒட்டவும் முடியாது, சாயமும் ஏறாது. அறுபது வருஷத்துப் பையை ஒரு வாரத்தில் மீட்டேன், இரண்டு வருஷத்துப் பையை ஒன்றும் செய்ய முடியவில்லை.

மருமகனே, அந்தப் படத்தை எடுக்க மாட்டேன். இன்று இரண்டாவது படமும் போட்டிருக்கிறேன், கைப்பிடி தைத்த பிறகு எடுத்தது. பக்கத்தில் நிற்பவர்தான் தைத்தவர், அவரிடம் கேட்டுத்தான் போட்டேன். அது உன் தாத்தாவின் பை, உன் அப்பா பள்ளிக்குப் போகும்போது அதைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். தீபாவளிக்கு வரும்போது உன் பழைய ஷூவை எடுத்து வா. ஸ்பிரிட்டும் ஸ்பான்ஜும் நான் வாங்கி வைக்கிறேன், நீயே தேய்க்க வேண்டும். தையல் விட்டிருந்தால் பஸ் ஸ்டாண்டுக்கு இருவரும் போவோம். அங்கே பேரம் பேசக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.