வலியை வாங்கிக்கொள்பவள்

அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் காயம் ஆற்றும் வரம் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஆணுக்குக் கிடைத்தால் பெரும்பாலும் அவன் காயம் ஆறும். பெண்ணுக்குக் கிடைத்தால் பிறர் காயம் ஆறும். விதிவிலக்குகள் உண்டு. அவற்றுக்கும் வருகிறேன்.

1974இல் அறிமுகமான வுல்வரினைச் சுட்டாலும் வெட்டினாலும் சதை தானாகக் கூடிக்கொள்ளும். எழுந்து நின்று அடுத்த சண்டைக்குப் போவான். ஆறு ஆண்டுகள் கழித்து மார்வ் வுல்ஃப்மனும் ஜார்ஜ் பெரஸும் டி.சி. நிறுவனத்துக்காக ரேவனைப் படைத்தார்கள். டீன் டைட்டன்ஸ் குழுவில் நீல அங்கியும் முக்காடுமாக நிற்கும் பெண். அடிபட்டவரைத் தொட்டு அவர் வலியைத் தன் உடம்புக்குள் இழுத்துக்கொள்வாள். அவர் எழுந்துவிடுவார். அந்த வலி முழுவதையும் இவள் அனுபவித்துத் தீர்க்க வேண்டும். அவள் வலியை வாங்கிக்கொள்ள அந்தக் குழுவில் யாருமில்லை. அப்படி ஒருவர் வேண்டுமே என்று படைத்தவர்களுக்குத் தோன்றவும் இல்லை.

நம் மாணவிகள் பலருக்கு அவளைக் கார்ட்டூன் நெட்வொர்க் வழியாகத் தெரியும். வெடுக்கென்று பேசும், தனியாக இருக்க விரும்பும் பெண்ணாக. எனக்கும் அந்த ரேவனைப் பிடிக்கும். ஆனால் நான் சண்டை போட வேண்டியது 1980களின் ரேவனைப் படைத்தவர்களோடு.

அவள் தாய் அரெல்லா, ட்ரைகான் என்னும் அரக்கனிடம் ஏமாந்து கருவுற்றவள். மகள் வளர்ந்தது அஸராத் என்னும் அமைதிவாதிகளின் உலகில். அங்கே அவளுக்குக் கற்றுத்தரப்பட்ட முதல் பாடம், எதையும் உணராதே என்பது. கோபப்பட்டால் உள்ளிருக்கும் தகப்பன் விழித்துக்கொள்வான். ஊரார் வலியெல்லாம் அவளுக்குள் வரலாம், அவளுடைய ஒரு கோபம் மட்டும் வெளியே வரக்கூடாது. பெண்ணின் கோபத்தை அரக்கனின் ரத்தம் என்று எழுதிவைத்த இந்த ஏற்பாட்டைத்தான் நான் மன்னிக்க மறுக்கிறேன். குற்றம் செய்தவன் தகப்பன். காவல் காக்க வேண்டியவள் மகள்.

1984இல் அந்தக் காவல் உடைகிறது. தோல் சிவந்து, நெற்றியில் மேலும் இரு கண்கள் திறந்து, அவள் தகப்பனின் சாயலாகவே மாறிவிடுகிறாள். அவளால் குணமான அதே தோழர்கள் அவளைக் கொல்கிறார்கள். அஸராத்தின் ஆன்மாக்கள் அவள் உடம்பையே வழியாக்கிக்கொண்டு ட்ரைகானை அழிக்கின்றன. கடைசியிலும் அவள் பாத்திரம்தான்.

இப்போது விதிவிலக்குகள். லாரா கின்னியின் காயங்கள் தாமாக ஆறும். ஆனால் அவள் வுல்வரினின் மரபணுவிலிருந்து உருவாக்கப்பட்டவள். சுயமாக ஆறும் உடம்பையும் ஓர் ஆணிடமிருந்துதான் பெற வேண்டியிருக்கிறது!

இன்னொருவன் எலிக்ஸிர் என்று அழைக்கப்படும் ஜாஷ் ஃபோலி. 2003இல் வந்த, எக்ஸ்-மென் வாசகர்களிலேயே பலர் மறந்துவிட்ட சிறு பாத்திரம். பொன்னிறத் தோல் கொண்டவன், பிறரைக் குணப்படுத்துபவன், ஆண். என் வாதம் இங்கே உடைகிறதா? அவன் காதலித்த லாரி கொல்லப்படுகிறாள். குணப்படுத்தும் அதே கையால் ஸ்ட்ரைக்கர் என்பவனைத் தொட்டுக் கொல்கிறான். தோல் கறுத்துப்போகிறது, சில காலம் அவதிப்படுகிறான். ஆனால் அந்தக் கோபம் அவனுடையது, அதற்குக் காரணமும் உண்டு என்று கதை ஒத்துக்கொள்கிறது. பின்னாளில் கொலைக்கு அஞ்சாத எக்ஸ்-ஃபோர்ஸ் குழுவிலும் அவனுக்கு இடம் கிடைக்கிறது. குணப்படுத்துபவனுக்குக் கோபம் வந்தால் அவனுக்குப் புது வேலை கிடைக்கிறது. குணப்படுத்துபவளுக்கு வந்தால் உலகமே அழியப் பார்க்கிறது.

பராமரிப்பைக் கேவலப்படுத்துகிறாயா என்று தோழிகள் கேட்பார்கள். இல்லை. அடிபட்டவரைத் தொட்டுத் தூக்குவது பெரிய செயல்தான். தூக்கிய கைக்கு வலித்தால் அதை யார் பிடித்துவிடுவது என்றுதான் கேட்கிறேன். 1968இல் ஸ்டார் ட்ரெக் தொடரிலும் இப்படியொரு பெண் வந்தாள். பிறர் காயங்களைத் தன் மேனியில் ஏற்றுக்கொள்ளும் ஜெம். அடுத்தவருக்காக உயிரைக் கொடுக்கத் துணிவாளா என்பது அவளுக்கு வைத்த சோதனை. அவள் தேறினால்தான் அவள் இனம் பிழைக்கும். எழுதியவர் ஜாய்ஸ் மஸ்கட், ஒரு பெண். ஜெம் ஊமை. அந்தப் பெயர்கூட அவளுடையதல்ல, கப்பலின் மருத்துவர் வைத்தது.

ரேவன் பிறகு திரும்பி வந்தாள், வெள்ளை அங்கியில், உணரும் உரிமையோடு. அது நெடுநாள் நீடிக்கவில்லை. 1990களில் அவளை மறுபடியும் தீயவளாக்கினார்கள்.