கொடிவேரி தண்ணீர் ஜிஃப்-ல் ஏன் திணறுகிறது?

'சின்ன கோடம்பாக்கம்' எனப் பெயர் வாங்கிய கோபிசெட்டிபாளையத்தில் இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கு. ஆனா பக்கத்து கொடிவேரி அணையில் எடுத்த வீடியோவை ஜிஃப் ஆக்கினால், பல சமயம் அது மூல வீடியோவைவிடப் பெரிய ஃபைலாகிவிடும்.

காரணம், ஜிஃப் 1987-ல் கம்ப்யூசர்வ் நிறுவனம் கொண்டுவந்த பழைய வடிவம். ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம்தான். நெல் வயலின் பச்சை திட்டுத்திட்டாகத் தெரிவது அதனால்தான். அசையாத பகுதி இருந்தால் நன்றாகச் சுருங்கும். கொட்டுகிற தண்ணீரில் அசையாதது எது? நொடிக்கு 10 ஃபிரேம் என்றாலும் 3 நொடிக்கு 30 புதுப்படம்.

போனை ஆட்டாமல் பிடித்து, 2-3 நொடி மட்டும் வெட்டி, அகலத்தை 480 பிக்சலுக்குக் குறைத்தால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்ப இதுகூட வேண்டாம். வீடியோவை 6 நொடிக்குள் வெட்டினால் ஜிஃப் பொத்தான் வரும்; உண்மையில் போவது சத்தமில்லாத எம்பி4தான், சின்ன ஃபைல்.

ஒன்று மட்டும் யோசிக்கணும். அணையில் குளிக்கிறவர் வழுக்கி விழுவது வீடியோவில் ஒரு தடவை. ஜிஃப்-ல் அவர் விழுந்துகொண்டே இருப்பார். முகம் தெரிந்தால், அனுப்பும் முன் அவரிடம் கேட்டுவிடுங்க.