முனிசிபல் பள்ளிக்கூடமும் சங்கத்துக் கண்ணீரும்

மும்பையில் பொங்கல் விழா மேடை என்றால் ஒரு பேச்சு கட்டாயம் உண்டு. "தாராவியில் தமிழ்ப் பள்ளிகள் தேய்கின்றன, தமிழ் தேய்கிறது!" பலத்த கைதட்டல். அப்புறம் சர்க்கரைப் பொங்கல், வடை. கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பள்ளியின் வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியும்? மேடையில் உட்கார்ந்திருந்தவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

எனக்கு இந்தக் கண்ணீர் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்ல கொஞ்சம் பழைய கதைக்குப் போகவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பம்பாய் நகரத்துத் தொடக்கக் கல்விக்கென்று 1920-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பள்ளி நடத்துவது மாநகராட்சியின் வேலை. பிழைக்க வந்தவன் வீட்டில் எந்தப் பாஷையோ, அந்தப் பாஷையில் அவன் பிள்ளைக்குப் பாடம். மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் என்று மொத்தம் 8 மொழிகள். ஒரே கட்டடத்தில் கீழ்மாடியில் மராத்தி, மேல்மாடியில் தமிழ் என்று நடக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பிள்ளைகள் அ, ஆ எழுதியது இப்படித்தான். 1966-ல் சிவசேனை தொடங்கி, 'மதராசி' என்று நம்மை விரட்டிய நாட்களிலும் தமிழ் வழி வகுப்பு என்ற ஏற்பாட்டை யாரும் ஒழித்துவிடவில்லை. அடி வாங்கிய ஊரிலேயே இவ்வளவும் கிடைத்தது என்பதை மேடைப் பேச்சாளர்கள் சொல்வதில்லை.

ரயில்வேக்கும் கம்பெனிகளுக்கும் குமாஸ்தாவாக வந்த தென்னிந்தியர்கள் மாட்டுங்காவில் குடியேறினார்கள். அவர்கள் 1932-ல் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியைத் தொடங்கினார்கள். நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊர் முழுக்க இப்படி இரண்டு தண்டவாளம் விழுந்துவிட்டது. ஃபைல் பார்க்கிறவன் பிள்ளைக்கு ஒன்று, தோல் பதனிடுகிறவன் பிள்ளைக்கு ஒன்று. மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அந்தப் பாதை இல்லை.

கோத்தாரி கமிஷன் 1966-ல் கொடுத்த அறிக்கையில் இதைத்தான் எச்சரித்தது. ஒரு பகுதியில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும், பணக்காரன் ஏழை சாதி மதம் பார்க்காமல், அக்கம்பக்கத்துப் பொதுப் பள்ளியில் சேர்ந்து படிக்கவேண்டும் என்றது. 1968 கல்விக் கொள்கை ஏற்றுக்கொண்டது. 1986 கொள்கையும் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொள்வதில் நம்மை மிஞ்ச ஆளில்லை!

கடைசியில் 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. தனியார் பள்ளிகளும் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்குத் தரவேண்டும் என்றது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2014-ல் இன்னொரு தீர்ப்பில் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்றது. 2025-ல் இரு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பைச் சந்தேகித்து, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பினார்கள்.

இங்கேதான் நம் கதை வருகிறது. சிறுபான்மை என்றால் மதம் மட்டுமல்ல, மொழியும்தான். மகாராஷ்டிரத்தில் தமிழர் மொழிச் சிறுபான்மை. அதாவது, தமிழர் நடத்தும் பள்ளி அந்தச் சான்றிதழைக் காட்டித் தாராவித் தமிழ்ப் பிள்ளைக்கு இடம் தராமல் இருக்கலாம். அந்தச் சான்றிதழ் யார் தலையை எண்ணி வந்தது சார்? அந்தப் பிள்ளையின் தலையையும் சேர்த்து எண்ணித்தானே?

நான் பேங்க் ஆசாமி. எங்களுக்கு முன்னுரிமைத் துறைக் கடன் 40 விழுக்காடு. "எங்கள் கஸ்டமர் எல்லாம் பெரிய இடம், விவசாயியும் பெட்டிக்கடையும் எங்களுக்குச் சரிப்படாது" என்று எந்த சேர்மனும் ரிசர்வ் வங்கியிடம் சொல்ல முடியாது. இலக்கு குறைந்தால் அந்தப் பணத்தை நபார்டு நிதியில் குறைந்த வட்டிக்குப் போட்டுவிட்டுக் கையைப் பிசையவேண்டும். விலக்கு வாங்கிய பள்ளிக்கு அந்தத் தண்டனைகூடக் கிடையாது.

"அந்தப் பிள்ளைகள் இங்கே வந்தால் திணறும்" என்பார்கள். திணறுவது இப்போது எங்கே என்று பாருங்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பாலானவை நெடுங்காலம் ஏழாம் வகுப்போடு நின்றன. அதற்கு மேல் பிள்ளை இந்திக்கோ ஆங்கிலத்துக்கோ தாவவேண்டும், இல்லை நின்றுவிடவேண்டும். ஜூன் மாதம் நகைக்கடன் கவுன்டரில் உட்கார்ந்தால் கல்விக் கொள்கை தானாகப் புரியும். காதுத் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு அம்மா கேட்டார், "ஏழாப்போட முடிஞ்சிருச்சுங்காவ சார். எட்டாப்புக்கு எங்க கொண்டு சேக்கட்டும்?" மூன்று கிராம் தோடு. எனக்குக் கடன் தொகை சொல்லத் தெரிந்தது, பள்ளி சொல்லத் தெரியவில்லை.

மாநகராட்சிப் பள்ளி என்றாலே மக்கள் ஓடுகிறார்கள் என்பதும் பொய். 2021-ல் அதே மாநகராட்சி சில பள்ளிகளில் சிபிஎஸ்இ தொடங்கியபோது இடத்துக்கு மிஞ்சி விண்ணப்பம் வந்து, குலுக்கல் போட்டுத்தான் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். பிள்ளை பாதியில் இறங்கவேண்டியதில்லை என்று தெரிந்தால் பெற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

சங்கங்கள் தமிழுக்கு அழுவதை நிறுத்திவிட்டு கார்ப்பரேட்டரிடம் போய், தமிழ் வகுப்பு நடக்கும் கட்டடத்திலேயே பத்தாவது வரை கேட்கட்டும். ஆங்கிலமும் மராத்தியும் உருப்படியாகச் சொல்லித்தர ஆள் கேட்கட்டும். தமிழர் நடத்தும் பள்ளிகளின் கமிட்டிகள் 25 விழுக்காடு வேண்டாம், பத்தில் தொடங்கட்டும். விலக்கு இருக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஒரு தீர்மானம் போட்டால் வருகிற ஜூனிலேயே சேர்க்கலாம்.

கமிட்டியில் இருக்கும் நண்பர்கள் சிலர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். பின்னூட்டத்தில் திட்டுங்கள், மாடரேஷன் போடவில்லை. திட்டும்போது உங்கள் பள்ளி முதல் வகுப்பில் தாராவிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் எழுதிவிடுங்கள்.