ஒற்றைப் படி போதாது

சுரங்கத்தினுள் பணிபுரிவோர் வெளியேற இரண்டு வழிகளேனும் இருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டின் சுரங்கப் பாதுகாப்பு விதிகளுள் ஒன்று. ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழி உயிரைக் காக்கும். பாறை வெடிப்புகளை அடிக்கடி கண்ட கோலார் தங்கவயலில், மூன்று கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் உழைத்தவர்களுக்கு இவ்விதியின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. உயிருக்குப் பொருந்தும் இவ்விதி, எழுத்துக்கும் படத்துக்கும் பொருந்தும். ஒரே இடத்தில், ஒரே படியாக இருக்கும் எந்த ஆவணமும் காக்கப்பட்ட ஆவணம் ஆகாது.

தங்கவயலில் 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் குழுமம் சுரங்கப் பணியைத் தொடங்கிய பின், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்குத் தொடர்வண்டியில் சென்று வருகின்றனர். சிலர் அங்கேயே தங்கிவிட்டனர். சுரங்கம் நின்றுவிட்டது, அதனைத் தோண்டியவர்களின் சான்றுகள் வீடுகளில் எஞ்சியுள்ளன. பாட்டனாரின் பணிச்சான்று, ஊதியச் சீட்டு, தலைக்கவசத்துடன் தோழர்கள் சூழ நிற்கும் ஒளிப்படம், ஊரிலிருந்து வந்த கடிதம் என அவை பலவகைப்படும். அவை டிரங்குப் பெட்டியில் இருந்தால் கரையானும் ஈரமும் பகை. ஒரே கைப்பேசியில் இருந்தால், அது தொலையும் நாளே அவற்றுக்கும் இறுதி நாள்.

இவ்வச்சம் வீண் அச்சமன்று என்பதற்குத் தங்கவயலின் வரலாறே சான்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டு சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். பின்னர் அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. 1914இல் அவர் மறைந்தார். அவருடைய கருத்துகளை வாழவைத்த ஊர்களுள் தங்கவயல் முதன்மையானது. இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை அச்சிட்டது. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை இங்கிருந்து மீண்டும் நடத்தினார். எனினும் நெடுங்காலம் அப்பெயரைத் தமிழுலகம் மறந்திருந்தது. 1999இல் ஞான. அலாய்சியஸ் அவருடைய எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டபோதுதான் பலர் அவரை அறிந்தனர். பழைய இதழ்களைத் தனிமனிதர்கள் சிலர் தம் வீடுகளில் காத்து வைத்திராவிடில், தொகுப்பதற்கு என்ன இருந்திருக்கும்? ஓர் அறிஞரின் உழைப்பு பல வீடுகளில் பல படிகளாக இருந்தமையால் பிழைத்தது.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பனையோலை காலப்போக்கில் நைந்துபோகும் என்பதால், பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து திரட்டிய ஏட்டுப் படிகளை ஒப்பிட்டே பாடத்தை உறுதி செய்தார். ஒன்றில் சிதைந்த வரி மற்றொன்றில் முழுமையாகக் கிடைத்தது. இதற்கு மாறான துயரமும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறு படி இருந்த நூலை மீண்டும் வாங்க முடிந்தது. வேறு படி இல்லாத சுவடியை எவராலும் மீட்க முடியவில்லை.

ஏடு பெயர்த்து எழுதும் அப்பணியை இன்று இணையச் சேமிப்பு எளிதாக்கியுள்ளது. இணையத்தில் ஏற்றப்படும் கோப்பு, தொலைவில் உள்ள பெரிய கணினி நிலையங்களில் பதிவாகிறது. வீட்டில் வெள்ளம் புகுந்தாலும், கைப்பேசி உடைந்தாலும், வேறொரு கருவியில் கடவுச்சொல்லை இட்டு அதனைத் திரும்பப் பெறலாம். மதிப்பெண் பட்டியல், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை நடுவண் அரசின் டிஜிலாக்கர் வழியாகப் பெறவும் வழியுள்ளது. அரசு வழங்கிய சான்று தொலைந்தால் அரசிடமே மீண்டும் கேட்கலாம். பாட்டியார் கைப்பட எழுதிய கடிதத்தை எந்த அலுவலகத்திலும் மீண்டும் கேட்க முடியாது. ஆகவே முதலில் காக்க வேண்டியது அதுவே.

எனினும், இணையத்தில் ஏற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருப்பதும் பிழையே. அதுவும் ஓரிடம்தான். 2021 மார்ச்சில் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஒரு பெரிய தரவு நிலையம் தீப்பற்றி எரிந்தது. வேறு இடத்தில் படி வைக்காத வாடிக்கையாளர்கள் தம் கோப்புகளை இழந்தனர். ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்கைக் கூகுள் நிறுவனம் தன் விதிப்படி நீக்கிவிடலாம். மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். கைப்பேசியும் இணையக் கணக்கும் ஒத்திசையும்படி அமைத்திருந்தால், கைப்பேசியில் அழித்த படம் இணையத்திலும் அழியும். இரண்டிடத்தில் தோன்றினும் அது ஒரே படிதான்.

எனவே கணினி வல்லுநர்கள் எளிய கணக்கு ஒன்றைக் கூறுவர்: படிகள் 3, கருவி வகைகள் 2, வெளியிடத்தில் 1. வீட்டுக் கணினியில் ஒன்று, தனியே எடுத்து வைத்த பென் டிரைவிலோ வன்தட்டிலோ ஒன்று, இணையத்தில் ஒன்று என அமைத்தால் இக்கணக்கு நிறைவேறும். வேலூரிலோ திருப்பத்தூரிலோ உள்ள அத்தை வீட்டில் ஒரு படி இருப்பதும் நன்றே. ஆண்டுக்கு இருமுறையேனும் அவற்றைத் திறந்து பார்த்தல் வேண்டும். திறக்க இயலாத படி, படியாகாது.

குடும்பத்துப் படங்களை முன்பின் அறியாத நிறுவனத்திடம் ஒப்படைப்பது முறையா என்று பெரியோர் சிலர் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. வலிய கடவுச்சொல்லும் இருபடிச் சரிபார்ப்பும் இன்றி எதனையும் ஏற்றுதல் கூடாது. ஆதார் அட்டையையும் வங்கிக் கணக்குத் தாள்களையும் பிறர் காணும் வகையில் பகிர்தல் அறவே கூடாது. வீட்டுப் பெரியோரின் இசைவின்றி அவர்தம் படத்தை ஏற்றுதலும் தகாது. ஆயினும் இவ்வச்சம் காரணமாக ஒரே படியோடு நின்றுவிடுவது, திருடனுக்கு அஞ்சி விதைநெல்லை மழையில் வைப்பதற்கு ஒப்பாகும்.

படியெடுப்பதோடு பணி முடிவதில்லை. படத்தில் நிற்பவர் யார், எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு என்னும் செய்திகள் கோப்பின் பெயரிலேயே இடம்பெற வேண்டும். பெயரறியாத முகம் எத்தனை ஆயிரம் படிகளாகப் பெருகினாலும் அது அந்நியர் முகமே. அப்பெயர்களை அறிந்தவர்கள் தாத்தாக்களும் பாட்டிகளும். கருவியை இயக்க அறிந்தவர்கள் பேரப்பிள்ளைகள். தாத்தா சொல்லும் பெயரைத் தமிழில் கேட்டுத் தமிழிலேயே எழுத வல்ல பிள்ளை இல்லாத வீட்டில் இப்பணி நடவாது. தாய்மொழிப் பாடம் மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாணவர்களே! கருவி பழுதானால் புதிது வாங்கலாம். பெயர்களைச் சொல்லத் தெரிந்த முதியவரை அவ்வாறு பெற முடியாது. இவ்வாரமே உங்கள் வீட்டில் உள்ள பழைய படம் ஒன்றை எடுத்துச் சென்று அவர் அருகில் அமருங்கள், கேட்டு எழுதுங்கள், மூன்று இடங்களில் வையுங்கள்.