கூட்டாளி நீட்டுகிற பெட்டி

சிங்கப்பூரின் ஈசூன் காப்பிக்கடையில் ஓர் அண்ணன் அடித்துச் சொல்கிறார்: "ஆம்பளைன்னா சிகரெட்டைத் தானா விடணும். ஆளு, மருந்துன்னு தேடுறதெல்லாம் சாக்கு."

சரி அண்ணே, கணக்கைப் பார்ப்போம். எந்த உதவியும் இல்லாமல் சிகரெட்டை விட முயல்பவர்களில் ஆறு மாதம், ஓராண்டு தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான் என்கின்றன ஆய்வுகள். மற்றவர்கள் எல்லாரும் கோழைகளா? நிக்கோட்டினுக்கு உங்கள் மீசை தெரியாது.

தடை போட்டால் போதும் என்பவர்களும் இங்கே உண்டு. 2020ல் நீ சூன் குழுத்தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் லூயிஸ் இங், ஜன்னலோரமும் பால்கனியிலும் புகைப்பதைத் தடைசெய்யச் சொன்னார். வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பதாகிவிடும் என்று அரசு தயங்கியது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மூச்சுக்கு அந்தத் தடை நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அது புகைப்பவரை மின்தூக்கியில் கீழே இறக்கும், அவ்வளவே.

கீழே என்ன நடக்கிறது? விட்டு ஒரு வாரமானவர் தே தாரிக்கோடு ஒதுங்கி நிற்கிறார். "ஒண்ணே ஒண்ணு, பிடி" என்று பெட்டியை நீட்டுபவர் எதிரியல்ல, கூட்டாளி. ஏக்கம் சில நிமிடங்களில் தணியும். அந்த நிமிடங்களில்தான் பெட்டி நீள்கிறது. பற்றவைக்கக் கூட்டு வேண்டும், அணைக்க மட்டும் தனியாளா?

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'ஐ குவிட்' திட்டம் 28 நாள் கூடவே வருகிறது, ஆலோசனையோடு. அதில் சேர்வதைக் கிண்டலடிக்காதீர்கள், அண்ணே. உங்கள் பெட்டியையும் சட்டைப்பையிலேயே வையுங்கள்.